கடிதத்தின் முதுகை முதலில் பாருங்கள்

கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் 31 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் தபால் பிரிவில். காலையில் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளிலும் வரவு முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, உரிய பிரிவுக்கு அனுப்புவது வேலை. ஓய்வு பெற்ற பிறகு பழைய இராணுவக் கடிதங்களைப் படிக்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அதிலும் 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரில் இரு தரப்பு அதிகாரிகளும் எழுதிக்கொண்டவை. கடலூர்க்காரனுக்கு அமெரிக்காவில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். அதற்குப் பதில் கடைசியில் வருகிறது.

வரலாறு படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறார்கள். "ஐயா, எங்கிருந்து தொடங்குறது?" என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் தேவலை என்று உட்கார்ந்தேன்.

1. கடிதம் கையில் கிடைத்ததும் உள்ளே படிக்காதீர்கள். திருப்பி முதுகைப் பாருங்கள். அந்தக் காலத்தில் உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கம் முகவரி எழுதுவார்கள். போய்ச் சேர்ந்ததும், வாங்கியவரின் எழுத்தர் அதை நீளவாக்கில் மடித்து, யாருடையது, என்ன தேதியிட்டது என்று முதுகில் குறித்து அடுக்குவார். கருத்தான ஆளாக இருந்தால் வந்த தேதியும், பதில் போன தேதியும் இருக்கும். நம் வரவு முத்திரைதான் அது, ரப்பருக்குப் பதில் இறகுப் பேனா.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்தது ஒரு அவமானத்தால். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் பிரிட்டிஷ் ஜெனரல் பர்காய்னைப் பற்றி எழுதினேன். 1777-இல் கனடாவிலிருந்து படையோடு தெற்கே இறங்கி வந்தவர் அவர். நியூயார்க்கில் இருந்த ஜெனரல் ஹாவ் மேலே வந்து கைகொடுப்பார் என்று எதிர்பார்த்தார். ஹாவோ ஜூலை 17-ஆம் தேதியே அவருக்கு எழுதிவிட்டார்: டைகாண்டெரோகா கோட்டையைப் பிடித்ததற்கு வாழ்த்துகள், நான் பென்சில்வேனியாவுக்குப் போகிறேன் என்று. "ஜூலை 17-லேயே தெரிந்தும் பர்காய்ன் மூடத்தனமாக முன்னேறினார்" என்று தீர்ப்பு எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு பேராசிரியர் அஞ்சலட்டையில் ஒரே வரி கேட்டிருந்தார்: கிடைத்தது எப்போது?

கிடைத்தது ஆகஸ்ட் 3. அதற்குள் பர்காய்ன் காட்டை வெட்டிப் பாதை போட்டு ஹட்சன் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டார். ஹாவின் கப்பல்கள் ஜூலை 23-ஆம் தேதி புறப்பட்டுவிட்டன. அதாவது, பர்காய்ன் அந்தக் கடிதத்தைப் படித்தபோது எழுதியவர் நடுக்கடலில் இருந்தார். பதில் போட ஆளில்லை. இந்த விவரம் தெரிந்த பிறகு அந்த மனிதர் மேல் கோபம் வருமா? முன்னேறியது சரியா தப்பா என்று அப்புறம் வாதிடலாம். ஆனால் 17 நாள் தாமதத்தை ஒரு தபால் குமாஸ்தாவே கவனிக்கவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்ல?

2. நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் எழுதிய தேதி, வலது பக்கம் கைக்கு வந்த தேதி. எந்த அதிகாரியின் முடிவை எடை போடுகிறீர்களோ, அவருடைய மேஜைக்கு அன்று வரை வந்திருந்த கடிதங்களை மட்டும் வைத்து எடை போடுங்கள். நமக்கு எல்லாக் கடிதமும் ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது. அதுதான் நம்மைக் கெடுக்கிறது.

இதற்குப் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1781 கோடையில் அவர் வர்ஜினியாவில். மேலதிகாரி சர் ஹென்றி கிளிண்டன் நியூயார்க்கில். ஜூன், ஜூலையில் கிளிண்டனிடமிருந்து வந்த கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தால் தலை சுற்றும். கிட்டத்தட்ட 3,000 பேரை நியூயார்க்குக்கு அனுப்பு என்கிறது ஒன்று. இல்லை, பிலடெல்பியா பக்கம் அனுப்பு என்கிறது அடுத்தது. அனுப்பவே வேண்டாம், கப்பல் நிறுத்த வசதியான இடமாகப் பிடித்து உட்கார் என்கிறது அதற்கடுத்தது. படைகள் கப்பல் ஏறவும் இறங்கவுமாக நாள் போயிற்று. அப்படி உட்கார்ந்த இடம்தான் யார்க்டவுன்.

செப்டம்பர் 5-ஆம் தேதி கடற்சண்டைக்குப் பிறகு பிரெஞ்சுக் கப்பற்படை வாசலை அடைத்துவிட்டது. வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் தரைவழியாக நெருங்குகிறார்கள். செப்டம்பர் 24 அன்று கிளிண்டன் எழுதுகிறார்: 5,000 பேருக்கு மேல் கப்பலில் ஏற்றி அனுப்புகிறோம், அக்டோபர் 5 வாக்கில் புறப்படலாம். இந்தக் கடிதம் 29-ஆம் தேதி மாலை காரன்வாலிஸ் கைக்கு வருகிறது. அன்று இரவு 10 மணிக்கு அவர் பதில் எழுதுகிறார். இந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை படித்திருப்பேன். குரலில் தெம்பு வந்துவிடுகிறது. அந்த இரவே வெளிக்காவல் அரண்களைக் காலி செய்து, ஊரை ஒட்டிய அரண்களுக்குள் படையைச் சுருக்கிக்கொள்கிறார். உதவி வரும்வரை தாக்குப்பிடித்தால் போதுமே என்ற கணக்கு. மறுநாள் காலை அமெரிக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சண்டை போடாமலே அந்த அரண்களில் ஏறி உட்கார்ந்தார்கள்.

கப்பல்கள் அக்டோபர் 5-ஆம் தேதி கிளம்பவில்லை. 19-ஆம் தேதி கிளம்பின. அன்றைக்குத்தான் யார்க்டவுனில் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தானது. இடது பத்தி, வலது பத்தி போட்டுப் பார்த்தால் ஒழிய இந்த 29-ஆம் தேதி இரவின் நிம்மதி உங்களுக்குப் புரியாது. வெறும் முட்டாள்தனமாகத்தான் தெரியும்.

3. 'இன்ஸ்டன்ட்' என்றால் இந்த மாதம். 'அல்டிமோ' என்றால் போன மாதம். ஆகஸ்ட் 2-ஆம் தேதிக் கடிதத்தில் '17 அல்டிமோ' என்றால் ஜூலை 17. பழைய ஹெட்கிளார்க்குகள் இதை நாக்கு நுனியில் வைத்திருந்தார்கள். உங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' எழுத்து 'எஃப்' போல நீண்டிருக்கும். ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

4. கையெழுத்து யாருடையது என்று கேளுங்கள். வாஷிங்டன் பெயரில் உள்ள கடிதங்களில் பெரும்பகுதி அவர் கையால் எழுதியதல்ல. ஏ.டி.சி.க்கள், அதாவது கூடவே இருக்கும் உதவி அதிகாரிகள், இருந்தார்கள். அலெக்சாண்டர் ஹாமில்டன், டென்ச் டில்க்மன், ராபர்ட் ஹாரிசன், ஜான் லாரன்ஸ் என்று ஒரு பட்டாளமே. அவர் கருத்தைச் சொல்வார், இவர்கள் டிராஃப்ட் போடுவார்கள், அவர் திருத்துவார், ஃபேர் காப்பியில் கையொப்பம். எந்த ஆபீஸிலும் இப்படித்தான். ஆகவே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வாஷிங்டனின் மனத்தை அளக்கக் கிளம்பாதீர்கள். அது இருபத்திரண்டு வயது ஹாமில்டனின் சொல்லாக இருக்கலாம். டிராஃப்ட் கிடைத்தால் விடாதீர்கள். அடித்தல் திருத்தலில்தான் ஆள் தெரிவார்.

முதல் பயிற்சிக்கு ஒரு சின்னக் கடிதம் சொல்கிறேன். 1777 அக்டோபர் 6. இரண்டு நாள் முன்புதான் ஜெர்மன்டவுன் சண்டையில் வாஷிங்டன் தோற்றிருக்கிறார். அப்போது முகாமுக்குள் ஒரு நாய் வந்து சேர்கிறது. கழுத்துப்பட்டையைப் பார்த்தால் எதிரித் தளபதி ஹாவின் பெயர். நாயைத் திருப்பி அனுப்புகிறார்கள், கூடவே இரண்டு வரிச் சீட்டு. வந்தனம், தற்செயலாகக் கைக்கு வந்தது, உங்களுடையது போலிருக்கிறது, அவ்வளவுதான். டிராஃப்ட் ஹாமில்டன் கையெழுத்தில் இருக்கிறது. மாணவர்கள் இதைப் பெருந்தன்மை என்று எழுதுகிறார்கள். இருக்கட்டும். எனக்கென்னவோ, தோற்றவன் தலை நிமிர்ந்து நிற்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை விட மனமில்லாமல் எழுதியது போலத்தான் படுகிறது.

5. முகவரி வரியைத் தாண்டிப் போகாதீர்கள். 1776 ஜூலையில் ஹாவ் சகோதரர்கள், ஒருவர் கடற்படை, ஒருவர் தரைப்படை, சமாதானம் பேசக் கடிதம் அனுப்பினார்கள். முகவரியில் வெறும் 'ஜார்ஜ் வாஷிங்டன் எஸ்கொயர்'. ஜெனரல் என்று போட்டால் கலகக்காரர்களின் பதவியை மன்னர் தரப்பே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா? படகில் வந்த பிரிட்டிஷ் அதிகாரியிடம் வாஷிங்டன் தரப்பின் ஜோசப் ரீட், அப்படி ஒருவர் எங்கள் படையில் இல்லை என்று சொல்லித் திருப்பிவிட்டார். பிறகு பெயருக்குப் பின்னால் சில 'இத்தியாதி'களைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதுவும் போணியாகவில்லை. ஜூலை 20 அன்று கர்னல் பேட்டர்சன் நேரில் வந்து, இத்தியாதி என்றால் எல்லாப் பட்டமும் அதில் அடக்கம் என்று விளக்கினார். எல்லாமும் அடக்கம், எது வேண்டுமானாலும் அடக்கம் என்ற பொருளில் வாஷிங்டன் பதில் சொன்னார். கடிதம் பிரிக்கப்படவே இல்லை.

ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ஒரு சொல் விட்டுப்போனதற்காகச் சம்பந்திகள் பேச்சை நிறுத்திக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

6. மரியாதைச் சொற்களில் மயங்கவும் வேண்டாம், அவற்றைப் போலி என்று தள்ளவும் வேண்டாம். 'தங்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ள பணிவான ஊழியன்' என்று முடிப்பது அன்றைய வழக்கம். நம் மனுக்களில் வருகிற 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' அதன் பேரப்பிள்ளைதான். தூக்குமரத்தைப் பற்றிய கடிதமும் அப்படியே முடியும். அந்த மூடியைக் கழற்றிவிட்டு நடுவில் உள்ள எண்களைப் பாருங்கள். 1781 அக்டோபர் 17 அன்று காரன்வாலிஸ் 24 மணி நேரச் சண்டைநிறுத்தம் கேட்கிறார். வாஷிங்டன் இரண்டு மணி நேரம் தருகிறார். அன்றைய சேதி அவ்வளவும் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

7. ஒருவர் பெயருக்கே வரும் நேர்முகக் கடிதம் தபால் கட்டில் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஆபீஸில் இருந்தவர்களுக்குத் தெரியும். நான் ஒரு தடவை அப்படிப் பிரித்திருக்கிறேன். யாருடையது என்று சொல்ல மாட்டேன். இந்தப் போரில் அப்படி ஒன்று நடந்தது, அதை நிதானமாகப் படியுங்கள்.

1776 நவம்பர் 16. மன்ஹாட்டனில் வாஷிங்டன் கோட்டை விழுந்தது. 2,800 பேருக்கு மேல் கைதானார்கள். விட்டுவிடுவதா, காப்பதா என்று தளபதி வாஷிங்டன் தயங்கித் தயங்கி இழந்தது அது. அவருடைய நெருங்கிய ஆள் ஜோசப் ரீட், முன்பு கடிதத்தைத் திருப்பியனுப்பினாரே அவரேதான், மனம் உடைந்து 21-ஆம் தேதி ஜெனரல் சார்லஸ் லீக்கு இரகசியமாக எழுதினார்: நீங்கள் இருந்தால்தான் உருப்படும், இங்கே முடிவெடுக்கத் தெரியவில்லை என்கிற தொனி. லீ 24-ஆம் தேதி பதில் போட்டார். ஆமாம், முடிவெடுக்கத் தயங்குவது போரில் முட்டாள்தனத்தைவிடக் கேடு என்கிற பொருளில். 30-ஆம் தேதி அது முகாமுக்கு வந்தபோது ரீட் வெளியூரில். லீயின் படை எங்கே என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த வாஷிங்டன், அலுவல் கடிதம் என்று நினைத்துப் பிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ரீட்டுக்கு எழுதிய குறிப்பைப் பாருங்கள். தனிப்பட்ட கடிதம் என்று தெரியாமல் பிரித்துவிட்டேன், அலுவல் கடிதங்களை இப்படிப் பிரிப்பது வழக்கம் என்பதால் நேர்ந்தது, மன்னிக்கவும், இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பயணச் சிரமத்துக்கு நன்றி, உங்கள் மனைவிக்கு என் வணக்கம். படித்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோபித்திருந்தால் ரீட் பிழைத்திருப்பார். அவர் மாதக்கணக்கில் வெந்தார் என்பது 1777-இல் அவர் எழுதிய மன்னிப்புக் கடிதத்தில் தெரிகிறது.

லீக்கு வேறு விதமாக விடிந்தது. டிசம்பர் 13 காலை, படையைவிட்டுத் தள்ளி பாஸ்கிங் ரிட்ஜில் ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தவர், இராத்திரி உடையிலேயே உட்கார்ந்து ஜெனரல் கேட்ஸுக்கு எழுதினார். ஒரு பெரிய மனிதருக்குத் திறமை போதவில்லை என்ற புலம்பல். யார் என்று பெயர் போடவில்லை, போடத் தேவையுமில்லை. எழுதி முடித்த சற்று நேரத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படை சத்திரத்தைச் சூழ்ந்து அவரை அள்ளிக்கொண்டு போயிற்று. கடிதத்துக்காகக் காத்திருந்த வில்கின்சன் என்ற இளைஞர் தப்பி, அதைக் கேட்ஸிடம் சேர்த்துவிட்டார். எழுதியவர் சிறையில், கடிதம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

இதே வில்கின்சன் மறு வருடம் கேட்ஸின் வெற்றிச் செய்தியைச் சுமந்து போகும் வழியில், மது மேஜையில் வாயை விட்டு, கான்வே என்ற ஜெனரல் வாஷிங்டனைக் குறை சொல்லி கேட்ஸுக்கு எழுதியதை உளறினார். அது சுற்றி வாஷிங்டன் காதுக்கே போயிற்று. வாஷிங்டன் கான்வேக்கு எழுதியது மிகச் சின்னக் கடிதம்: நேற்று எனக்கு வந்த ஒரு கடிதத்தில் இந்தப் பத்தி இருந்தது. கீழே அந்தப் பத்தி. அதோடு சரி. கேட்ஸோ, உள்ளே என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, என் பெட்டியைத் திறந்து நகலெடுத்தவன் யார் என்று குதித்தார். எந்த ஆபீஸிலும் நடக்கிற கூத்து.

8. சங்கேதக் கடிதங்கள் உங்களை இழுக்கும். போய்ப் பாருங்கள், ஆனால் அங்கேயே குடியேறாதீர்கள். ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: கிளிண்டன் 1777 ஆகஸ்ட் 10 அன்று பர்காய்னுக்கு எழுதியது, மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகரில் கிளெமென்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. முழுத்தாளைப் படித்தால் ஹாவின் நகர்வு அபாரம், எல்லாம் நலம். உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த ஓட்டை வெட்டிய தாள் ஒன்றை மேலே வைத்தால், ஓட்டைக்குள் தெரிகிற சொற்கள் நேர்மாறாகச் சொல்கின்றன: ஹாவ் செய்தது இந்த நேரத்தில் செய்யக்கூடியதிலேயே மோசமானது, உனக்கு உதவ என்னிடம் ஆள் போதாது. மேலதிகாரியைக் குறை சொல்ல இதைவிடப் பத்திரமான முறை நான் பார்த்ததில்லை.

அமெரிக்க ஜெனரல் பெனடிக்ட் ஆர்னால்ட் வெஸ்ட் பாயின்ட் கோட்டையைப் பிரிட்டிஷாருக்கு 20,000 பவுனுக்கு விலை பேசிய கடிதங்கள் எண்களால் ஆனவை. பக்கம், வரி, சொல் என்று மூன்று மூன்றாக. சாவி ஒரு அச்சுப் புத்தகம். முதலில் பிளாக்ஸ்டனின் சட்ட நூல், பிறகு பெய்லியின் அகராதி. சட்ட நூலில் தேடித் தேடிச் சொல் கிடைக்காமல் அகராதிக்கு மாறியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

9. சுமந்தவனை மறக்காதீர்கள். கிளிண்டன் 1777 அக்டோபர் 8 அன்று பர்காய்னுக்கு எழுதிய துண்டுச் சீட்டை வெள்ளிக் குண்டுக்குள் வைத்து டேனியல் டெய்லர் என்பவர் கொண்டுபோனார். அமெரிக்கர்களிடம் சிக்கியதும் விழுங்கினார். வாந்தி மருந்து கொடுத்து வெளியே எடுத்தார்கள், அவரைத் தூக்கில் போட்டார்கள். அந்த அக்டோபர் 17-இல் பர்காய்ன் சரடோகாவில் ஆயுதத்தைக் கீழே வைத்தார். சீட்டில் இருந்தது சில வரிகள்.

1780 செப்டம்பரில், ஆர்னால்டின் தாள்களைக் காலுறைக்குள் வைத்துப் போன பிரிட்டிஷ் மேஜர் ஆந்த்ரேயை மூன்று குடிப்படையினர் பிடித்தார்கள். அவரைப் பொறுப்பில் எடுத்துக்கொண்ட கர்னல் ஜேம்சன் விதிப்படி இரண்டு தபால் அனுப்பினார்: தாள்கள் வாஷிங்டனுக்கு, தகவல் மேலதிகாரியான ஆர்னால்டுக்கு. ஆர்னால்டுக்குப் போனது 25-ஆம் தேதி காலை உணவின்போது போய்ச் சேர்ந்தது. அவர் எழுந்து போய்ப் படகேறிவிட்டார். வாஷிங்டனுக்குப் போன ஆள் வழி மாறி அலைந்து, பல மணி நேரம் கழித்து வந்தார். ஜேம்சனைத் திட்டாதீர்கள். நானும் அப்படித்தான் அனுப்பியிருப்பேன்.

10. போர் முடிந்த பிறகு தளபதிகள் எழுதிய புத்தகங்களை முதலில் தொடாதீர்கள். 1783-இல் கிளிண்டன் லண்டனில் ஒரு பிரசுரம் போட்டார், காரன்வாலிஸ் பதில் பிரசுரம் போட்டார், கிளிண்டன் அதற்கும் பதில் போட்டார். இருவரும் கடிதங்களைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். பின்னிணைப்பை மட்டும் படியுங்கள்.

11. இனி வீட்டார் கேட்ட கேள்வி. 1778-இல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்ததும் போர் உலகம் முழுக்கப் பரவிற்று. பிரிட்டனும் பிரான்சும் இங்கேயும் மோதின. அதன் கடைசி மோதல்களில் ஒன்று எங்கள் ஊரில். 1783 ஜூன் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூரை முற்றுகையிட்டார். உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஜூன் 13-இல் கடும் சண்டை. 20-இல் ஊருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் சஃப்ரனும் பிரிட்டிஷ் கப்பற்படைத் தலைவர் ஹியூஸும் மோதினார்கள். 25-இல் கோட்டைக்குள்ளிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பாய்ந்து தோற்றார்கள். மாதக் கடைசியில் சென்னையிலிருந்து மெடியா என்ற கப்பல் வெள்ளைக்கொடியோடு வந்தது. பிரிட்டனும் பிரான்சும் சமாதான முன்னுடன்பாட்டில் கையெழுத்திட்டுவிட்டன என்ற செய்தி அதில் இருந்தது. கையெழுத்தானது ஜனவரி 20.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வரும்போது கோடு போட்ட நீள நோட்டு ஒன்று கொண்டுவாருங்கள். இடது பத்தியில் ஜனவரி 20, வலது பத்தியில் ஜூன் கடைசி என்று முதல் வரியை எழுதிவிட்டுத் தொடங்கலாம்.